கண் சிமிட்டாத ஸ்டெல்லா

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி போன் செய்தான். "அக்கா... ஸ்டெல்லாக்கா பூட்ச்சுக்கா" என்றான். தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக். நாற்பது எல்லாம் ஒரு வயசா?

இதைப் படிக்கும் என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. நான் பார்த்த பேஸ்பால் கேட்சர்களிலேயே... சரி, நான் பார்த்தது மொத்தமே பத்துப் பேர்தான். இருந்தாலும் சொல்கிறேன், அவளைப் போல் ஒருத்தி இல்லை.

ஆமாம், பேஸ்பால்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெரம்பூரில் ஒரு கிரவுண்டில் எங்கள் பெண்கள் டீம் ஆடிக்கொண்டிருந்தது. பதினாலு பேருக்கு ஒன்பது கிளவுஸ். நானும் ஸ்டெல்லாவும் அப்போது பிளஸ் ஒன்.

காலடிப்பேட்டையில் நான் பஸ் ஏறுவேன், காசிமேட்டில் அவள். அவள் அம்மா மீன் விற்பவர். விடியற்காலை ஏலத்தில் அம்மாவுக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பிராக்டீசுக்கு வருவாள்.

அவளுக்கு ஒரே குறி. ஸ்டேட் டீமில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்கும். இல்லாவிட்டால் பிளஸ் டூ முடித்ததும் கூடைதான்.

கேட்சர் என்றால் பேட் செய்பவளுக்குப் பின்னால் ஒட்டிக் குந்திக்கொண்டு பந்தைப் பிடிப்பவள். மூஞ்சிக்கு நேரே பேட் சுழலும்போது கண் தானாக மூடிக்கொள்ளும், பந்து நழுவும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவள் விடவில்லை.

"என் மூஞ்சிக்கு எதுர கை தட்டுடி. எப்ப தட்டப்போறேன்னு சொல்லாத. எத்தினி தபா சிமிட்றேன்னு எண்ணிக்கினே வா" என்றாள். பஸ்ஸில். அத்தனை கூட்டத்தில்.

காசிமேட்டிலிருந்து பெரம்பூர் வரைக்கும் தட்டிக்கொண்டே போனேன். கண்டக்டர் வந்து, "இன்னாமா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா, பிராக்டீசு" என்றாள்.

முதல் நாள், தட்டின அத்தனை தடவையும் சிமிட்டினாள். ஒரு மாதம் கழித்துப் பாதியாகக் குறைந்தது. அப்புறம் ஒருநாள் கண்டக்டரே அவள் மூக்குக்கு நேரே விசிலை ஊதிப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தபடி, "டிக்கெட் குடுண்ணா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மிரண்டுபோனேன். உடம்பு தானாகச் செய்கிற ஒன்றை ஒரு பெண் வேண்டாம் என்று நிறுத்திக் காட்டிவிட்டாள்... எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

அடுத்தது என் கதை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷ பைனல். ஜெயிக்கிற டீமிலிருந்துதான் பெரும்பாலும் ஸ்டேட்டுக்கு ஆள் எடுப்பார்கள். கடைசி இன்னிங்ஸ், ரன் சமம், எங்களில் இரண்டு பேர் அவுட். ஒரு ரன்னுக்கு ஓடித் தொட வேண்டிய நாலு பேஸில் மூன்றாவதில் ஸ்டெல்லா நிற்கிறாள். பேட் என் கையில். நான் அடித்து முதல் பேஸைத் தொட்டுவிட்டால் போதும், அவள் உள்ளே ஓடி வந்துவிடுவாள், ஜெயம்.

அடித்தேன். நல்ல அடிதான். ஓடினேன்... கையில் பேட்டோடு.

தெருவில் அண்ணன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்த புத்தி. பேஸ் கிட்ட வந்ததும் கிரீஸ் என்று நினைத்து பேட்டை நீட்டித் தொட்டுவிட்டு நின்றேன். பேஸ்பாலில் பேட்டை அடித்த இடத்திலேயே போட்டுவிட்டு ஓட வேண்டும், பேஸில் கால் பட வேண்டும். என் கால் ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அதற்குள் பேஸில் நின்றவள் கைக்குப் பந்து வந்துவிட்டது.

அது மூன்றாவது அவுட். அதனால் ஸ்டெல்லா ஓடி எடுத்த ரன் செல்லாது என்றார்கள். ரன் சமம் என்பதால் கூடுதலாக ஒரு இன்னிங்ஸ் ஆட வைத்தார்கள், அதில் தோற்றோம். எங்கள் டீமில் ஒருத்தியையும் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திடீரென்று என் மூஞ்சிக்கு எதிரே கை தட்டினாள். நான் பதறிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னும் அங்கியே நின்னுகினு கீறியா?" என்றாள்.

"உன் சீட்டக் கெடுத்துட்டேன்டி" என்று அழுதேன்.

"அடுத்த வர்சம் செலக்‌ஷன் வராதா இன்னா? நாளிக்கு வந்து பேட்ட கீழ போட்டுட்டு ஓடு. நான் கீறேன்."

மறுநாள் அடிக்க, பேட்டைப் போட, ஓட... அறுபது தடவை. தனியாக ஓடினால் எனக்குச் சலித்துவிடும் என்று கேட்சர் பேடு கட்டின காலோடு கூடவே ஓடினாள். இழந்தது அவள். ஓடியதும் அவள். அன்றைக்கு அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது, அப்படி ஒரு மனசு.

அடுத்த வருஷ செலக்‌ஷனில் பேட்டில் உரசிய பந்து நேராக அவள் முகக் கவசத்தில் மோதியது. அப்படியே குந்தியிருந்தாள். "இந்தப் பொண்ணு கண்ணையே மூடலையேப்பா" என்று செலக்டர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னை எடுக்கவில்லை, அது வேறு விஷயம். அவளுக்கு ஸ்டேட் கிடைத்தது, சீட் கிடைத்தது. பி.காம் முடித்து ஹார்பர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் கடைசி வரை வேலை பார்த்தாள்.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். மாலை வாங்கவும் தோன்றவில்லை, வெறுங்கையோடு ஓடினேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்தாள். என் இரண்டு கையும் தானாக அவள் முகத்துக்கு எதிரே போய்விட்டன. அவள் தம்பி பார்த்துவிட்டான். அவனுக்கும் அந்தப் பஸ் கதை தெரியும்போல.

"தட்டுக்கா" என்றான்.

என்னால் முடியவில்லை.

போய் வாடி ஸ்டெல்லா. நான் கீறேன்.