கமலம் கூட்டாளி தேடிய கதை

கமலம் தினமும் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடும் கட்டிலில் யாரும் படுத்ததே இல்லை. சிங்கப்பூரில் இரண்டரை மில்லியன் வெள்ளிக்கு விற்கும் கொண்டோ அடுக்குமாடிக்கான மாதிரி வீடு அது. அதைத் துடைத்து மினுக்கிவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் அவர் படுக்கப் போனது ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் பெஞ்சுக்கு. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கமலமோ, "வேலை செய்யற இடத்துல தூங்கக்கூடாது லா" என்று சிரிப்பார்.

மணவிலக்கில் வீடு போனது. கையில் வந்த பங்கு, வாடகை அறைகளில் கரைந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் பெஞ்சுதான்; அங்கும் நடுராத்திரியில் யாராவது வந்து எழுந்து போகச் சொல்வார்கள். தொண்டூழியர் தாரணிதான் அவரைக் கண்டுபிடித்துத் தற்காலிகத் தங்குமிடம் ஒன்றில் சேர்த்தார்.

"வீவகவோட அரசாங்க வாடகை வீட்டுக்கு உங்களோட சேர்ந்து இன்னொருத்தரும் அப்ளை பண்ணணும் ஆண்ட்டி. ரெண்டு பேரும் ஒரே ரூம்."

அங்கேதான் சிக்கல். மாதிரி வீட்டுக்குப் போகுமுன் ஆறு மணிக்கு நகரத்து அலுவலகம் ஒன்றையும் கூட்டவேண்டும் என்பதால், கமலத்தின் அலாரம் நாலரைக்கு அலறும். அதைக் கேள்விப்பட்டு இரண்டு பெண்கள் நழுவிவிட்டார்கள்.

"இந்தத் தடவை வாயே திறக்காதீங்க. ஃபார்ம் முடியட்டும்" என்றார் தாரணி.

மூன்றாமவர் சம்சுன்னிசா. தேக்காவில் ரவிக்கை தைப்பவர், தங்கை வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுப்பவர். தேநீர்க் கடையில் படிவத்தை விரித்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

கமலத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம். நான் நாலரைக்கு அலாரம் வைப்பேன். சத்தம் பெருசு. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

சம்சுன்னிசா பேனாவைக் கீழே வைத்தார். தாரணி தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, மறுபடியும் பெஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டார் கமலம்.

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவுக்கா. அன்னிக்கு வைக்கமாட்டேன்."

"ஐயோ, வைங்கம்மா! விடியறதுக்கு முன்னாடி எழுந்து தஹஜ்ஜத் தொழணும்னு இருபது வருஷமா நினைக்கிறேன். எழுந்திருக்கத்தான் முடியல. ஞாயித்துக்கிழமையும் வைங்க."

படிவத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. சில வாரங்களில் புக்கிட் பாத்தோக்கில் வாடகை வீட்டுச் சாவி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்சுன்னிசாவை எழுப்பிவிட்டு, கமலம் திரும்பப் படுத்து எட்டு மணிவரை தூங்குகிறார். எழுந்து போகச் சொல்ல அங்கே யாரும் வருவதில்லை.