நட்சத்திரம் கேட்டு அனுப்பிய விளக்குகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன். சைக்கிள் கேரியரில் பித்தளைச் சொம்பைக் கட்டி, திருவையாறு தொடங்கி பாபநாசம் வரை ஊர் ஊராக விற்றேன். தஞ்சாவூரில் ஒரு கடை போட்டேன். பொங்கல் வரைக்கும் தாங்காது என்றார் பக்கத்துக் கடைக்காரர். இன்று அவர் கடையும் சேர்த்து என் கடை. புயலில் கீற்றுக் கூரை பறந்தது, தளம் போட்டேன். தளத்தின் மேல் மாடி கட்டினேன். மகனைப் படிக்க வைத்து, கம்ப்யூட்டர் படித்த பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தேன். அந்தப் பெண் மாடியில் உட்கார்ந்து தொடங்கியதுதான் எங்கள் ஆன்லைன் கடை. ஆக, அதையும் நான் கட்டியதாகவே சேர்க்க வேண்டும். மருமகள் இதுவரை சேர்க்கவில்லை.

ஒருநாள் அவள், கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டுச் சிவப்புக் குறி போட்ட ஆர்டர் ஒன்றை என்னிடம் காட்டினாள். நூறு காமாட்சி விளக்கு. வியாழக்கிழமைக்குள் திருக்கடையூர் லாட்ஜ் ஒன்றில் சேர்க்க வேண்டும். பணம் கட்டிய கார்டு துபாயில் இருக்கும் ஒரு பாயுடையது. வாங்கிக்கொள்பவர் வேறு ஆள்.

"ரத்து பண்ணிடறேன் மாமா. போன தடவை இப்படித்தான் ஒரு லாட்ஜுக்கு அனுப்பினோம். அப்புறம் கார்டுக்காரர் நான் வாங்கவே இல்லைன்னுட்டாரு. சரக்கும் போச்சு, பணமும் போச்சு. இன்னொரு தடவை நடந்தா ஆன்லைன்ல பணம் வாங்கற வழியையே மூடிடுவோம்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க."

வழி மூடினால் மாடிக் கடையும் மூட வேண்டியதுதான். அது எனக்கும் புரிந்தது. ஆனால் திருக்கடையூர் என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அறுபதாம் கல்யாணத்துக்கு வர்றவங்க லாட்ஜ்ல தங்காம உன் மாடியிலயா தங்குவாங்க?"

"திருடனும் லாட்ஜ்லதான் தங்குவான் மாமா. வாங்கிட்டு மறுநாளே காலி பண்ணிடுவான். அதுவும் கோயில் விசேஷத்துக்கு ஒரு பாய் எதுக்குப் பணம் கட்டணும்?"

ஆர்டரில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். எடுத்தவன் இளவட்டம். அப்பாவுக்கு அறுபது முடிகிறது என்றான். துபாயில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நாகூர்க்கார நண்பர்தான் கார்டு கொடுத்து உதவினாராம்.

"அப்பாவுக்கு என்ன நட்சத்திரம் தம்பி?"

"ரேவதிங்க."

போனை வைத்துவிட்டு காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை உத்திரட்டாதி. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்றுதான் அறுபதாம் கல்யாணம் செய்வார்கள். இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ரத்து பண்ணும்மா. ஆள் திருடன். உன் மெஷின் குறி போட்டுச்சு, நான் கையும் களவுமா பிடிச்சுட்டேன்."

அவள் காலண்டர் பக்கம் வந்து ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை ரேவதி மாமா. வியாழக்கிழமை சரக்கு வந்தாத்தானே வெள்ளிக்கிழமை தாம்பூலப் பையில போட முடியும்? மாலையும் கழுத்துமா உட்கார்ந்துகிட்டா பார்சலைப் பிரிப்பாங்க?"

அடுக்களையிலிருந்து என் மனைவி, "அவருக்குக் கல்யாணத்தன்னைக்கே தேதி குழப்பம்தான்டி" என்றாள். கல்யாணத்துக்கு ஒருநாள் முன்னாலேயே போய் நின்றது என் ஆர்வம். அதைக் குழப்பம் என்கிறாள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் நட்சத்திரம் கேட்காவிட்டால், அந்த வெள்ளிக்கிழமையை இவள் எங்கே போய்ப் பார்த்திருப்பாள்? ரத்து செய்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். நட்சத்திரம் பொருந்தியதும்தான் அவளுக்கும் நம்பிக்கை வந்தது. இருந்தாலும் அவள் விட்டுவிடவில்லை. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பி, வங்கி ரகசிய எண் கேட்கும் வழியில் மறுபடி கட்டச் சொன்னாள். எண் கார்டுக்காரரின் போனுக்குத்தான் போகும். நாகூர்க்காரர் உடனே கட்டினார். அவளைக் கூப்பிட்டும் பேசினார்.

"அவன் அப்பா எனக்கும் அத்தாதாம்மா. விளக்கு நல்லதா அனுப்புங்க."

புதன்கிழமையே விளக்குகள் போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை போட்டோ வந்தது: மாலை போட்ட தம்பதி, பக்கத்தில் லீவு கிடைக்காத மகனுக்குப் பதிலாகப் பறந்து வந்திருந்த பாய், கையில் எங்கள் விளக்கு. கீழே, "மேடத்துக்கு ரொம்ப நன்றி" என்று எழுதியிருந்தார்கள். மேடம்!

இப்போது பார்சல் கட்டும் பெண்களுக்கு மருமகள் ஒரு விதி வைத்திருக்கிறாள். திருக்கடையூர் லாட்ஜுக்கு ஆர்டர் வந்து சிவப்புக் குறி விழுந்தால், முதலில் நட்சத்திரம் கேட்க வேண்டும்; சரக்கு சேரும் நாளையும் அடுத்த நாளையும் காலண்டரில் பார்க்க வேண்டும்; அப்புறம்தான் ரகசிய எண். போன வாரம் ஒருவன் நட்சத்திரம் என்றதுமே போனை வைத்துவிட்டான். திரும்ப எடுக்கவே இல்லை. விளக்கும் தப்பியது, கடையும் தப்பியது.

அந்த விதியை அட்டையில் அச்சடித்து மாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த நாளைப் பார்ப்பது அவள் கண்டது. இல்லையென்று நான் சொல்லவில்லை, அதற்கு அவள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நட்சத்திரம் கேட்பது யார் கண்டது? அந்த வரிக்கு நேராக "இது மாமா கண்டுபிடித்தது" என்று எழுதியாக வேண்டும். அச்சடித்தவரிடமே மறுபடி கொடுத்து, கொட்டை எழுத்தில்.