மாமா அழாத ஞாயிறு

காக்கையின் நகம் உச்சந்தலையில் படும்போது உடனே வலிப்பதில்லை. முதலில் பிடரியில் காற்று, யாரோ பின்னால் நின்று முறத்தால் ஒரு தடவை விசிறியதுபோல. அடுத்து முடிக்குள் சில்லென்று ஒரு கோடு. எரிச்சல் அதற்குப் பிறகுதான் வரும். இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து என் தோளைத் தொட்டால் என் கை தானாகத் தலைக்குப் போய்விடும். மண்டியில் என்னோடு மூட்டை தைக்கிறவர்களுக்கு அது வேடிக்கை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பதால் காரணம் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

திண்டுக்கல்லில் வெங்காயப் பேட்டைக்குப் பின்பக்கத்துச் சந்தில் அப்போது எங்கள் வீடு. சந்து முழுவதற்கும் ஒரே குழாய். அந்தக் குழாயை ஒட்டி ஒரு வாதாமரம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், வெயில் சற்றே தணியத் தொடங்கிய கடைசி வாரங்களில், அந்த மரத்தில் ஒரு காக்கை ஜோடி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. கம்பியும் சுள்ளியும் பழைய பிரஷ்ஷுமாகக் கட்டிய அந்தக் கூட்டுக்குக் கீழே எவர் வந்தாலும் இரண்டு காக்கைகளும் விடாது. தண்ணீர் எப்போதாவதுதான் வரும், வந்தால் குழாயடிக்குப் போகாமல் முடியாது என்பதால், பெண்கள் குடத்தைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். ஆண்கள் துண்டை உருட்டித் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் பிடித்ததைச் சந்தே கூடி நின்று பார்த்தது. இட்லிக் கடை பேச்சியக்கா மட்டும் அண்ணாந்து நின்று காக்கையோடு நேருக்கு நேர் சண்டை போடுவார்.

“ஏலே, ஒம் பிள்ளைய எவன்லே கேட்டான்? எனக்கே வீட்டுல நாலு கெடக்கு. ஒரு கொடம் தண்ணி பிடிச்சுக்கிறேன், ஒம் பாட்டுக்கு இரு!”

காக்கை அவரையும் விட்டதில்லை.

அந்த வாரங்களில் வரவிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நான் கோடை முழுவதும் காத்திருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு சிற்றூரில் வானம் பார்த்த நிலத்தில் கடலையும் சோளமும் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நான் அவர்கள் வீட்டில் தங்கி அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. ஞாயிறு காலை மாமா திண்டுக்கல் வருவார், எனக்கு வெள்ளைச் சட்டையும் காக்கி டவுசரும் எடுத்துக் கொடுப்பார், மத்தியானம் பரோட்டா, சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு. இவ்வளவுதான் திட்டம். “நம்ம கொல்லையில ஆக்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கு மாப்ளே. கிட்டப் போனா அது கத்துற கத்துல ஊரே எந்திரிச்சிரும். வா, காட்டுறேன்” என்று போன தடவை வந்தபோது மாமா சொல்லியிருந்தார். அத்தை எனக்காக ஒரு டிரங்குப் பெட்டியைக் காலி செய்து வைத்திருந்தாராம். அந்தப் பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று நான் படுக்கையில் யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து விழுந்து குழாய் மேடைக்குப் பின்னால் தத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சொம்பை எடுத்துக்கொண்டு வெறுந்தலையோடு போனேன். நான் முதலில் சொன்ன காற்றும் கோடும் அப்போது நடந்தவைதான். வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் ரத்தம் ஒரு இழையாக இறங்கியிருந்தது. அம்மா என்ன என்று கேட்டாள், நான் சொன்னேன், அவள் கையிலிருந்த அரிசிப் படியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

காக்கை தலையில் தட்டினால் சனி தொட்டதாக அர்த்தம். தொட்டவர் உயிருக்குக் கண்டம். அதைக் கழிக்க எங்கள் பக்கத்தில் அப்போது ஒரே வழிதான் வைத்திருந்தார்கள். தட்டுப்பட்டவர் செத்துப்போனதாக நெருங்கிய சொந்தத்துக்குப் பொய்யாகக் “கேதம்” சொல்லிவிட வேண்டும். அவர்கள் அதை நிஜமென்று நம்பி அழுதுவிட்டால், வரவேண்டிய சாவு அந்தக் கண்ணீரோடு போய்விடும். அழுது முடித்ததும் சேதி கொண்டுபோனவரே உண்மையைச் சொல்லி, எல்லோரும் சிரித்து, தண்ணீர் குடித்துப் பிரிவார்கள். பிள்ளைக்கென்றால் தாய்மாமன் கண்ணீர்தான் சேரும்.

அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேட்டையில் மூட்டை தூக்குகிறவர், அன்றைக்குச் சனிக்கிழமை லோடு. “அப்பிடிப் பாத்தா இந்தச் சந்துல நேத்தே பாதிப் பேரு போயிருக்கணுமே” என்றார்.

“அவங்களுக்கெல்லாம் ரத்தம் வரல” என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லோடுக்குப் போய்விட்டார். பேச்சியக்காவின் தம்பி முத்தையா, மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் போய், மாமா ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் சேதி சொல்வதாக ஏற்பாடு ஆயிற்று. அன்றிரவு பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மாமா எனக்காக அழப்போகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அழுது முடித்துச் சிரித்துவிட்டு, போட்ட திட்டப்படி அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார், சட்டை எடுப்போம் என்றுதான் நினைத்தேன்.

முத்தையா போன நேரத்தில் மாமா குளித்து, தலை சீவி, திண்டுக்கல்லுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாராம். சேதியைச் சொன்னதும் அத்தை ஓவென்று கத்திக்கொண்டு விழுந்தார். மாமா கத்தவில்லை. விட்ட பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டார், துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டார், செருப்பு மாட்டாமல் வாசலைத் தாண்டினார். “அவரு அழுதாத்தானக்கா நான் உண்மையச் சொல்ல முடியும்? அழுவாரு அழுவாருன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறேன், அவரு பாட்டுக்கு பஸ்ஸுல ஏறிட்டாரு” என்று முத்தையா பிறகு அம்மாவிடம் கையைப் பிசைந்தார். அழாதவரிடம் சொல்லிவிட்டால் சடங்கு வீணாகிவிடும் என்று அவர் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு அவர் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதனால் மாமாதான் முதலில் வந்தார். நான் ஈயச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சந்து முனையில் அவருக்காகக் காத்து நின்றேன். வெயிலில் வெறுங்காலோடு, கையில் ஒரு ரோசாப்பூ மாலையும் காகிதப் பொட்டலமுமாக வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். நான் சட்டியை எடுத்துவிட்டு “மாமா!” என்று ஓடினேன். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

சந்துக்கு எல்லாம் தெரியும். குழாயடியில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“ஏண்டா, மாலையோட மாமன் வந்திருக்காரு, பொணம் நீ பாட்டுக்கு ஓடியாற? போய்ப் படுடா!”

“மாலை நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு வச்சுக்கங்க அண்ணே!”

அம்மா வெளியே ஓடிவந்தாள். தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே குரலில் எனக்குக் கேட்கிறது.

“அழுதியாடா தம்பி?”

மாமாவுக்குப் புரியவில்லை. அம்மா மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

“அழுகை வரலக்கா” என்றார்.

“ஒரு சொட்டுமா?”

“வரல.”

அம்மாவின் முகம் அப்படியே வற்றிப்போனது. “இப்பவாச்சும் அழுதுருடா தம்பி. ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன், ஒரே ஒரு சொட்டு” என்று அவர் மோவாயைத் தொட்டுக் கெஞ்சினாள். அதற்கும் சிலர் சிரித்தார்கள். மாமா கண்ணை இறுக்கி மூடித் திறந்தார், முயற்சி செய்தார் என்றுதான் நினைக்கிறேன். கண் காய்ந்தே இருந்தது. பேச்சியக்கா கரண்டியை ஆட்டிச் சிரித்தவர்களை விரட்டினார்.

மாலையை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது; அவர் அதைச் சாக்கடை ஓரமாக வைத்தார். பொட்டலத்தில் என்ன என்று நான்தான் கேட்டேன். தாய்மாமன் போடவேண்டிய கோடித்துணி. பஸ்ஸ்டாண்டு கடையில் என்ன கேட்பதென்று தெரியாமல், வாங்குவதற்கென்று நினைத்து வைத்திருந்ததையே வாங்கியிருந்தார்: வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். சாவுக்கென்று வாங்கியதை உயிரோடு இருக்கிறவன் போடலாமா? மாமா பொட்டலத்தை மறுபடி கட்டினார். சாப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டே போனார்.

பள்ளிக்கூடம் திறந்தது. அவர் வரவில்லை. அத்தையிடமிருந்துதான் சேதி வந்தது: “ஒருக்கா கேதம் கேட்டாச்சு, வளத்து வச்சு இன்னொருக்கா கேக்க முடியாதுங்கறாரு. கோவிச்சுக்காதீங்க.” திண்டுக்கல்லிலேயே ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கலாம், ஆனால் பள்ளிக்கூடம் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கண்ணீர் விழவில்லை, ஆகவே கண்டம் கழியவில்லை என்பது அம்மாவின் கணக்கு. அத்தை அழுதாரே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அத்தை வேறு வீட்டுப் பெண், அது சேராது என்றாள் அம்மா. தண்டவாளம் கூடாது, கிணறு கூடாது, சைக்கிள் கூடாது. கொஞ்ச நாளில் நான் அப்பாவோடு பேட்டைக்குப் போய் வெங்காயம் பொறுக்க உட்கார்ந்தேன். அங்கே விழவோ மோதவோ எதுவும் இல்லை.

அம்மா என்னைப் பார்க்கும் பார்வை அதன்பிறகு மாறியே போனது. தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். எனக்கு மீசை வந்த பிறகும் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலுக்காக மூச்சை நன்றாக விடுவேன். மாமா நல்லது கெட்டதுக்கு வந்துபோவார். என் கல்யாணத்தில் தாய்மாமன் முறை எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். ஆனால் மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. “நல்லாருக்கியா?” என்று கேட்கும்போது அவர் கண் எனக்குச் சற்றுப் பின்னால், வேறு யாரோ நிற்பதுபோல, அங்கே இருக்கும். நானும் இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த வாதாமரம் இல்லை. சந்துக்கு சிமெண்டுத் தளம் போட்டபோது வெட்டிவிட்டார்கள். காக்கைகள் செல்போன் கோபுரத்தில் கட்டுகின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்து யாரையும் தட்டுவதில்லை. தட்டினாலும் பொய்க் கேதம் சொல்ல வழியில்லை, அடுத்த நிமிடமே போனில் முகத்தைப் பார்த்துவிடலாம். அப்பாவும் அம்மாவும் சில வருட இடைவெளியில் போய்விட்டார்கள்.

மாமா இருக்கிறார். ஆனால் நினைவு கரைந்துகொண்டிருக்கிறது. அத்தை போனில் சொன்னதிலிருந்து, மண்டிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முதல் தடவை “நான்தான் மாமா, ஒங்க அக்கா மகன்” என்று பெயரைச் சொன்னேன். அவர் கைத்தடியை ஓங்கிவிட்டார். “செத்தவன் பேரச் சொல்லிக்கிட்டு வாரியா? யார்ரா நீ?” அத்தை என்னை ஓரமாகக் கூட்டிப்போய், “இனிமே சொல்லாதப்பா. அவருக்கு அந்தச் சேதி மட்டுந்தான் நெனப்புல நிக்கிது. அப்பறம் நடந்தது அம்புட்டும் போயிருச்சு” என்றார்.

அதிலிருந்து நான் திண்டுக்கல்லிலிருந்து வருகிற யாரோ ஒருவன். போன வாரம் போயிருந்தபோது, கோடை முடிகிற வெயிலில், அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அத்தை முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் ஆக்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“எந்த ஊருங்க?” என்றார் மாமா.

“திண்டுக்கல்.”

“அங்கதான் எங்கக்கா மகன் இருந்தான். சின்னப் பய. ஆறாப்பு படிக்க இங்க கூட்டியாரதா இருந்தேன். இருந்திருந்தா இந்நேரம் பெரிய உத்தியோகத்துல இருப்பான். கார்ல வந்து எறங்குவான்.” சற்று நேரம் என் கைகளைப் பார்த்தார். சாக்கு ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்களை நான் மடக்கிக்கொண்டேன்.

“ஒங்களுக்கு அவனத் தெரியுமா?”

“தெரியும்.”

“நல்லாப் படிப்பானா?”

அத்தையின் கை முறத்தில் நின்றுவிட்டது.

“நல்லாப் படிப்பான்” என்றேன்.

மாமா மெல்லத் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமே இல்லாமல், சுருக்கங்களுக்குள் வழி தேடிக்கொண்டு, கண்ணீர் இறங்கியது. ஒரு சொட்டு அல்ல, மோவாயில் சேர்ந்து சட்டை நனைகிற அளவுக்கு. அம்மா இருந்திருந்தால் இதைப் பார்ப்பதற்கு நடந்தேகூட வந்திருப்பாள்.

அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டு துடைத்துவிட எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“கொஞ்ச நேரம் அழட்டும் அத்தை.”