மூன்று கலியாணமும் என் பைலா பாண்டும்

கலியாண மண்டபத்தில் யாரும் கால் தவறி ஆடலாம். பாண்ட் நடத்துகிறவருக்குக் கை தவறினால்தான் குற்றம். மேடையேறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பைலா பாண்டை, இலங்கைத் துள்ளலாட்டப் பாட்டுக் குழுவை, நடத்திய அண்ணை ரொறன்ரோவுக்குக் குடிபோனார். சுரக்குறிப்பு வாசிக்கத் தெரிந்த கீபோர்ட்காரி என்று தலைமையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ட்ரம்ஸ் அடிக்கிற றொபேட் அண்ணை மட்டும், மூன்று கலியாணம் பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு ஆள் என்றார். கைக்குழந்தையோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளுக்கு இதுவும் போனால் என்ன மிச்சம்?

ஆமென்

முதலாவது கலியாணம் எங்கள் நகரின் லாசால் பகுதியில். என்னுடையது கொன்வென்ட்டில் ஒன்பது வருடம் மாதா கோயில் ஓர்கன் வாசித்த கை. பயத்தில், துள்ளல் பைலாவின் முடிவில் என்னையறியாமல் பாட்டுப்பூசையின் 'ஆமென்' சுரங்களை இழுத்துவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த மன்னார்க் கத்தோலிக்கச் சனம் அப்படியே நின்று சிலுவை அடையாளம் போட்டது. மாப்பிள்ளையின் மாமா மேடைக்குக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, பூசை காலமையே முடிஞ்சுது. இனி எங்களை ஆட விடுங்கோ."

வேகம்

இரண்டாவதில் மகள் பின்னறையில் என் கணவரோடு இருந்தாள். அவள் சிணுங்குவது எனக்கு மட்டும் கேட்கும். கேட்டதும் விரல் வேகமெடுக்கும். றொபேட் அண்ணை ட்ரம்ஸோடு பின்னால் துரத்தினார். நாலாம் பாட்டில், ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வேட்டியைப் பிடித்தபடி கதிரையில் விழுந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பிழையில்லை பிள்ளை. மெத்ரோ ரயில் பிடிக்கிற ஆக்களுக்கான பாட்டு எண்டு முதலே சொல்லிப்போடும்."

முதல் ஆள்

மூன்றாவது அஹுன்ட்சிக்கில், சென்னைக் குடும்பம், டொக்டர்கள், பேராசிரியர்கள். அழகாகக் கைதட்டினார்கள், ஒருவரும் எழும்பவில்லை. யார் முதலில் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று பாட்டு போனது. றொபேட் அண்ணை என் முகத்தையே பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் வீரிட்டாள். கணவர் அவளை மேடையடிக்கே தூக்கி வந்துவிட்டார். இறங்கி வாங்கினேன். நேரே கலியாணப் பெண்ணின் அம்மாவிடம் போய், ஒருக்கா வைச்சிருங்கோ அம்மா, நான் வாசிக்கவேணும் என்று கொடுத்தேன். அவர் பட்டுச்சேலையோடு எழும்பி, பிள்ளையைத் தோளில் போட்டு மெல்ல அசைந்தார். நானும் மேடையேறி மெல்லத் தொடங்கிக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கூட்டினேன். அழுகை நின்றது. பிள்ளையைக் கொஞ்ச வந்த சித்திமார், அத்தைமார் எல்லாரும் அப்படியே ஆடத் தொடங்கினார்கள். பிறகு மேடையிலிருந்து பார்த்தால் தலைகள்தான்.

சாமான் கட்டும்போது றொபேட் அண்ணை சொன்னார்: "வேறை ஆள் தேவையில்லை. ஆனா உம்மடை பிள்ளை வளர முதல் இன்னொரு வழி கண்டுபிடியும்."

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதுவும் இப்போது தாளத்தோடு வருகிறது, அவ்வளவுதான்.