இரண்டு நடிகைகளுக்கு ஓர் அப்பா

நான் சிதம்பரத்தில் படித்தபோது, கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேடத்தையும் பையன்களே போடுவார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் பெண்களே நடிக்கலாம் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். வீட்டில் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் வலையும் கயிறும் விற்கும் கடை. விஷயம் தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை.

"நோட்டீஸ்ல உம் பேருக்கு முன்னாடி என் இனிஷியல் நிக்கும். துறைமுகத்துல நாலு பேரு கேப்பாங்க. வேணாம்மா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓர் எழுத்துக்காக, எவனோ புடவை கட்டிக்கொண்டு என் வசனத்தைப் பேசுவதை நான் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

அந்த வாரம் ஃபிலிம் சொசைட்டியில் ஒரு ஸ்வீடன் படம் போட்டார்கள். கையில் கொடுத்த தாளில், அந்த இயக்குநரின் படங்களில் நடிப்பவர்களின் பட்டியல் இருந்தது. இரண்டு நடிகைகளுக்குப் பின்பாதிப் பெயர் ஒன்றே. நம் வழக்கப்படி, கூட ஒட்டி வருவது அப்பா பெயர்தானே? அக்கா தங்கை என்று முடிவு கட்டிவிட்டேன். தாளோடு ரயிலேறிப் போய் அப்பா முன்னால் வைத்தேன்.

"பாருங்கப்பா, ரெண்டு பொண்ணுங்களையும் அவுங்க அப்பா நடிக்க விட்டிருக்காரு. அவர் பேரே முழுசா நிக்குது."

அப்பா அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு நாள் அந்தத் தாளைக் கடைக்கும் வீட்டுக்கும் எடுத்துப் போய் வந்தார். பிறகு, "அந்த மனுஷனுக்குத் துணிச்சல் ஜாஸ்திதான். சரி, நடி. இனிஷியல் மட்டும் போடாத," என்றார்.

ஒத்திகை தொடங்கிய பிறகு, நூலகத்தில் ஒரு சினிமாப் பத்திரிகை கண்ணில் பட்டது. அந்த இருவரும் உறவே இல்லையாம். அது அப்பாவின் சொந்தப் பெயரும் இல்லை; தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர், அந்த நாட்டில் ஏராளமான வீடுகளுக்கு அதே பெயர்தானாம். எனக்கு முகம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கடலூரில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் பொய்யாகிப்போன ஒன்றைக் காட்டி வாங்கிய சம்மதத்தோடு மேடையேற எனக்குப் பிடிக்கவில்லை. வேஷம் போனாலும் போகட்டும் என்று அன்று மாலையே நேராகக் கடைக்குப் போனேன்.

அப்பா கயிறு அளந்துகொண்டிருந்தார்.

"நான் சொன்னது தப்புப்பா. அவுங்க அக்கா தங்கச்சி இல்ல. வேற வேற வீடு. நீங்க மறுபடி யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு நடிக்கணும், அதுல மாத்தமில்ல."

அப்பா கயிற்றை முழுவதும் அளந்து, வெட்டி, சுருட்டி வைத்தார்.

"அப்ப ஒருத்தர் இல்ல, ரெண்டு அப்பாங்க விட்டிருக்காங்க," என்றார்.

அடுத்த கயிற்றுக்கட்டைக் கையில் எடுத்தார்.

"நோட்டீஸ் அடிச்சாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"இனிஷியல் பத்தாது. எம் பேர முழுசா போடச் சொல்லு."