வைக்கோலைக் கொளுத்திய அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். உடன்பிறந்தவள் என்பதற்காக மட்டுமல்ல. அந்தக் கெட்ட வருஷத்தில் அக்காவின் உழவு மாடுகள் என் வீட்டில்தான் நின்றன.

அக்கா பிறந்தது பள்ளிகொண்டாவை அடுத்த எங்கள் கிராமத்தில். யுத்தம் முடிந்து அரிசிக்கு ரேஷன் இருந்த காலத்தில், ஆம்பூருக்கு அப்பால் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்கு ஆம்பூர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. தோலைக் குழியில் ஊறப்போட்டு, மயிர் கழன்றதும் இழுத்துப் போட வேண்டும். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் ஏரிக்குக் கீழே இருந்த செம்மண் வயல் முழுக்க அக்காவின் பொறுப்பாயிற்று. பிள்ளைகள் பிறந்ததும், அவர்களில் ஒன்று தங்காமல் போனதும் அந்த வயல் வேலைக்கு நடுவில்தான்.

சல்பேட்டு உரம் அப்போது ஊருக்குப் புதிது. போட்டதும் பயிர் கருகருவென்று எழும்பும். வருஷா வருஷம் எல்லோரும் கூடுதலாகப் போட்டார்கள். அக்காவும் போட்டார். ஒரு வருஷம் பால் பிடிக்கும் நேரத்தில் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கியது. குலைநோய். கதிரை உருவினால் கையில் பதர்தான் வந்தது. அந்த வருஷம் களத்தில் மிஞ்சியது வைக்கோல் மட்டுமே.

சர்க்காரின் விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் மண்ணை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மண்ணு புளிச்சுப் போயிருக்குதும்மா. சல்பேட்டைக் கம்மி பண்ணி, சுண்ணாம்பு போடுங்க. வெதையை மாத்துங்க. நோவு கண்ட வைக்கோலக் கொளுத்திடுங்க. அதுல இருந்தே மறுபடியும் வரும்."

"வைக்கோலக் கொளுத்திட்டா மாட்டுக்கு இன்னாங்க போடறது?"

"அது கஷ்டந்தாம்மா" என்றார் அவர்.

அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். நானும் என் வீட்டுக்காரரும் போனபோது மாடுகளை அவிழ்த்துத் தயாராக நிறுத்தியிருந்தார். "ஓட்டிக்கினு போடி. உழவு நேரத்துக்கு அனுப்பு" என்றவர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைக்கோல் போருக்குத் தீ வைத்தார். அடுத்த வயல்காரர் மாமாவின் பங்காளி. அக்காவுக்குக் கொழுந்தன் முறை. அவர் ஓடி வந்து கத்தினார்.

"அண்ணிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? வாயில்லாத ஜீவன் தின்றத நெருப்புல போடறீங்களே!"

அக்கா கோலால் வைக்கோலைக் கிளறிவிட்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை, அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. கொழுந்தனார் தம் வைக்கோலைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சுண்ணாம்புக்கு எங்கே போவது? தோல் ஷாப்புக் குழியின் அடியில் தேங்கும் கசடை மாமா சும்மாவே வண்டியில் கொண்டுவந்தார். தோலோடு வந்த உப்பு அதில் கலந்திருந்தது. கொட்டிய மூலையில் மண் வெள்ளை பூத்து, முளைத்ததெல்லாம் கருகியது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உட்டுத் தள்ளுங்க. ஒரு மூலையோட போச்சே" என்றார் அக்கா.

பிறகு காளவாயில் ஒதுக்கிய சுண்ணாம்புத் தூளைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து இறைத்தார். குழிச் சுண்ணாம்பால் மாமாவின் காலில் இருந்த வெடிப்பு அக்காவின் கைகளிலும் வந்தது. மாடுகள் இளைத்துப்போய்த்தான் என்னிடமிருந்து திரும்பின. அவற்றைத் தடவிக் கொடுத்துவிட்டு அப்படியே ஏரில் பூட்டினார்.

சல்பேட்டைக் குறைத்ததால் அந்தப் போகம் பயிர் வெளிறி நின்றது. ஊர் சிரித்தது. நடுவில் கொழுந்தனாரின் வயலில் அதே நோயின் இலைப்புள்ளி கண்டு, அக்காவின் வயல் ஓரத்துக்கும் தாவியது. மண்பானையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, இரவல் வாங்கிய மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அக்கா தம் வயல் முழுக்க அடித்தார். முடித்ததும் வரப்பைத் தாண்டிக் கொழுந்தனாரின் வயலில் இறங்கினார். உதவிக்குப் போயிருந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவ்ளோ பேச்சு பேசினவனுக்கா அடிக்கிற?"

"அவனுக்கா அடிக்கிறேன்? காத்துல வர்ற நோவு வரப்பக் கண்டா நின்னுக்குமா? முதுகு ஒடியுதுடி. பேசாம தண்ணி மொண்டு ஊத்து."

கொழுந்தனார் எங்களைப் பார்த்துவிட்டு வரப்புக்கு வந்தார். பிறகு என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு தாமே தண்ணீருக்குப் போனார்.

அறுப்பில் வீடு நிறைந்துவிடவில்லை. சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஆயிற்று. அதன்பின் ஒவ்வொரு போகமும் அதே வேலைதான். சில வருஷம் அக்கா ஜெயித்தார், சில வருஷம் நோய் ஜெயித்தது. அவரைப் பெரிய மனசுக்காரி என்று ஊரார் புகழ்ந்தபோது, "பேஜாரு புடிச்ச பொழப்பு" என்று மட்டும் சொல்வார்.

போன வருஷம் நடவு முடிந்த கையோடு மூச்சிரைப்பு வந்து படுத்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் இருதயம் பலவீனம் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மழை பேஞ்சுதா?"

"தூறல்தான் அக்கா."

"எலையில புள்ளி கீதான்னு பாக்கச் சொல்லு." கண்ணை மூடிக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வாணாம், உடு. யாராச்சும் பார்ப்பாங்க."

மறுநாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிய கொழுந்தனாருக்கும், மாமாவின் வேலையைத் தாங்கள் பகிர்ந்துகொண்ட தோல் ஷாப்புத் தோழர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பாய் வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை களை பறித்துக் கொடுத்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு இனியாவது ஓய்வு கிடைத்ததே என்று பலர் ஆறுதல் சொன்னீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. உயிரோடு இருந்தபோது அவர் ஓய்வு கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், அதைக் கொடுக்க எங்கள் யாரிடமும் இருக்கவில்லை.