அருந்ததியின் கூட்டாளிமார்

“வெளியில ஆர் இருக்கினம் உமக்கு?”

இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை அருந்ததி பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்திருப்பாள். வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளை, பாவம், கணினியில் தட்டத் தெரியுமா என்று கேட்பார்கள் என நினைத்து வந்திருக்கும். தமையன் நோர்வேயில் என்று வாய் திறந்தால் போச்சு. “பைல் திறந்தாச்சோ? ஸ்பொன்சரோ, ஏஜென்சியோ? இன்டர்வியூக்குக் கூப்பிட்டவையோ?” என்று அடுக்கிக்கொண்டே போவாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் கைப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். தூதரகத்தில்கூட இப்படிக் குடைய மாட்டார்கள் என்று பின்வரிசைப் பெடியன்கள் சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெள்ளவத்தையில் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் தியாகராசா சேர் நடத்திய அந்த வகுப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தகவல் தொழில்நுட்ப அடிப்படைச் சான்றிதழுக்கானது. ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு போதாமல் கம்பஸ் வாசலோடு திரும்பியவர்களுக்கு அது பட்டப்படிப்புக்குள் நுழைய இன்னொரு வழி. எழுத்துப் பரீட்சைகளை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு புரொஜெக்ட் செய்து, இரண்டு பேருமாகப் பரிசோதகர் முன்னால் போய் இருந்து பதில் சொல்ல வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் இல்லை, அடுத்த வருடம்தான்.

இந்த விதியை எழுதினவர்கள் வெள்ளவத்தையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய அந்த நாட்களில் அங்கே யார்தான் நிலையாக இருந்தார்கள்? வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து லொட்ஜிலும் அனெக்ஸிலும் அடைந்து கிடந்த சனத்தில் பாதி வீசாவுக்குக் காத்திருந்தது. சும்மா இருக்கிற நேரத்துக்கு எதையாவது படிப்போம் என்று வகுப்புக்கு வரும். வீசா வந்ததும் அரைவாசியில் எழும்பிப் போய்விடும். அருந்ததியின் முதல் கூட்டாளி லண்டனுக்குப் போனாள். அடுத்தவள் சுவிஸுக்கு. மூன்றாவதாக வாய்த்த பெடியன் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனவன், பிறகு பாரிசிலிருந்து அவள் வேலை செய்த கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடைக்கே போன் எடுத்து, “அக்கா, கோவிக்காதேங்கோ” என்றான்.

“கோவிக்காமல் பின்னை உன்னைக் கொஞ்சச் சொல்லுறியோ?” என்றாள் அருந்ததி. ரிசீவரை வைத்த சத்தத்தில் தொலைபேசிக் கூண்டுகளுக்குள் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காலி வீதியில் இருந்த அந்தக் கொமினிகேஷன்தான் அவளுக்குச் சோறு போட்டது. காலையில் அங்கே வெளிநாட்டு அழைப்புகளுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக் கூண்டில் விடுவாள். பின்னேரம் வகுப்பு. இருபத்தொன்பது வயதில், தன்னைவிடப் பத்து வயது குறைந்ததுகளோடு ஒரே மேசையில் இருக்க அவளுக்குக் கூச்சமே இருக்கவில்லை. கணினியை அவள் ‘அது’ என்று சொன்னதே கிடையாது. “அவர் இண்டைக்கு ஒரு மாதிரி நிக்கிறார், கொஞ்சம் ஆற விடுங்கோ” என்பாள். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் பாடம் சேர் ஆங்கிலத்தில் சொல்லி ஒருவருக்கும் விளங்காமல் போனபோது, அவள்தான் எழும்பி நின்று விளங்கப்படுத்தினாள். “கோயிலைச் சுத்துற மாதிரித்தான். எத்தினை சுத்தெண்டு முதலே நேர்ந்துகொண்டு தொடங்க வேணும். இல்லாட்டிச் சுத்திக்கொண்டே இருப்பியள், ஐயரும் கதவைப் பூட்டிக்கொண்டு போயிடுவார்.”

மின்வெட்டு வந்தால் வகுப்பு முழுவதும் கீழே இறங்கிக் கடற்கரை ரயில் பாதைக்கு நடக்கும். பாறைகளில் இருந்துகொண்டு கடதாசியில் புரோகிராம் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் கணினியாகி மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். பிழை வந்தால் எழுதினவர் கடலை வாங்கிக் கொடுக்க வேண்டும். தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தால் எல்லாரும் கடதாசிகளைக் கையால் அமத்திக்கொள்வார்கள். எவ்வளவு பயமான காலம் அது, ஆனால் அந்தப் பின்னேரங்களை நினைத்தால் அங்கே படித்தவர்களுக்கு இன்றைக்கும் மனம் குளிர்கிறது.

ஊரையெல்லாம் குடைகிறவளுக்கு வெளியில் ஆள் இல்லையா என்றால், இருந்தது. குகதாசன் டொரொன்டோவிலிருந்து வந்து அவளைக் கல்யாணம் எழுதி, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பி மூன்று வருடம். அவளுடைய பைலில் மட்டும் எப்போதும் ஏதோ ஒரு கடதாசி குறைந்துகொண்டிருந்தது. “எங்கட பைல் நல்ல நித்திரை. அது எழும்ப முதல் நான் சோதினையைப் பாஸ் பண்ணிப்போடுவன்” என்று சிரித்துச் சொல்வாள்.

இப்படியிருக்கையில்தான் மாளிகாவத்தையிலிருந்து அஸீஸா வந்தாள். அருந்ததி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“சவூதியில மாமி ஒத்தங்க இருந்தாங்க. அவங்களும் திரும்பி வந்துட்டாங்க.”

“பாஸ்போட்?”

“எடுக்கவே இல்ல அக்கா. என்னத்துக்கு எனக்கு?”

அருந்ததி கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “இரும்” என்றாள்.

அஸீஸாவின் வாப்பாவுக்கு மாளிகாவத்தையில் தையற்கடை. வாடிக்கையாளர்களின் அளவுகளைக் கணினியில் பதிந்து, பெயரைத் தட்டியதும் எடுத்துக் காட்டும் ஒரு முறைமை செய்வதென்று இருவரும் முடிவெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அருந்ததி பஸ் மாறி மாளிகாவத்தைக்குப் போய், தையல் மெஷின்களுக்கு நடுவே இருந்து அளவுகளைப் பார்த்து எழுதுவாள். “உந்த மனுசன்ர இடுப்பைப் பாரும் அஸீஸா, எங்கட அவருக்குள்ள இடம் காணாது” என்பாள். வாப்பா தலை நிமிராமல் சிரிப்பார். திரும்பி வரும் வழியில் சோதனைச்சாவடியில் சிப்பாய் அவளுடைய பிளொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எல்லாம் கலிசான், சட்டை அளவுதான் மஹத்தயா என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிச் சமாளிப்பாள்.

அந்தச் சிரிக்கும் வாப்பாவுக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. அஸீஸா அதை ஒருநாள் கடற்கரையில் வைத்துச் சொன்னாள். “இந்த வருசம் மட்டுந்தான் அக்கா. இதுக்குள்ள பாஸானா மேல படிக்க உடுவாங்களாம். இல்லாட்டி ஊட்டுல இருக்கணுமாம். மாப்பிள்ள பேச்சும் வந்தீக்கிது.”

“பாஸாவம். பேசாமல் இரும்” என்றாள் அருந்ததி.

புரொஜெக்ட் முடிந்தது. நேர்முகப் பரீட்சைக்குத் திகதியும் வந்தது. அதற்கு முதல் நாள் நகரத்தில் குண்டு வெடித்து, வீதிகளை மூடி, பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். புதுத் திகதி வந்த அதே கிழமையில் அருந்ததியின் பைலும் நித்திரை விட்டு எழும்பியது.

குகதாசனுக்குச் சந்தோசத்தில் கதை ஓடவில்லை. மெடிக்கல் ரிப்போட் காலாவதியாகும் முன்னர் வந்து இறங்க வேண்டும் என்று அவனே டிக்கட்டையும் போட்டுவிட்டான். விமானம், பரீட்சைக்கு நான்கு நாள் முந்தி. அருந்ததிக்கு முதலில் வந்தது சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது. கொமினிகேஷன் முதலாளிக்கும் வந்தவர் போனவருக்கும் சொக்லட் வாங்கிக் கொடுத்தாள். பெட்டி வாங்கி, அடுக்கி, பெயரையும் டொரொன்டோவையும் அதன் மேல் பெரிதாக எழுதினாள். அஸீஸாவிடம் சொல்லத்தான் நாலு நாள் எடுத்தது.

“அல்ஹம்துலில்லாஹ். நல்ல விசயந்தானே அக்கா” என்றாள் அஸீஸா. பிறகு திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவரின் கை நீளத்தை நெஞ்சளவுக்குப் போட்டு, அழித்து, திரும்பவும் அதையே போட்டாள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. பாரிஸ் பெடியனைத் தான் ஏசினதுபோல இவள் தன்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும் என்று அருந்ததிக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அவள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கொமினிகேஷனில் ஆள் குறைந்த மத்தியான நேரம், அவளே ஒரு கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டொரொன்டோவுக்கு எடுத்தாள். அங்கே விடியவில்லை.

“டிக்கட்டைத் தள்ளிப் போடுங்கோ. சோதினைக்கு அடுத்த நாளுக்கு.”

குகதாசன் முதலில் பகிடி என்று நினைத்தான். பிறகு கோபித்தான். “அண்டைக்குச் சோதினை நடக்குமெண்டு ஆர் கண்டது? முந்தியும் தள்ளினவங்கள்தானே. திரும்பவும் தள்ளினா?”

“மெடிக்கல் முடிஞ்சிடும். வீசாவும் போயிடும்” என்றாள் அவள்.

“எல்லாம் தெரிஞ்சுகொண்டோ சொல்லுறீர்?”

“ஓம்.”

“அந்தப் பிள்ளைக்கு வேற ஒருத்தரும் கிடைக்காதோ?”

“இனி ஆர் கிடைக்கப் போயினம்? நான் போனா அதின்ர படிப்பு இதோட சரி.” “எனக்கு உங்களிட்ட வரவேணும் போலதான் கிடக்குது. ஒவ்வொரு நாளும்தான். ஆனா இதை விட்டிட்டு வந்தா, வந்தும் நல்லா இருக்க மாட்டன்.”

அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கடைசியில், “டிக்கட் ஏஜென்சி திறந்த உடன போன் எடுத்து மாத்தப் பாக்கிறன்” என்றான்.

அன்று பின்னேரம் அஸீஸா, பயணம் சொல்வதற்காக வாப்பா தைத்துக் கொடுத்த சட்டை ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அருந்ததி வாடகைக்கு இருந்த அனெக்ஸுக்கு வந்தாள். கதவு திறந்து கிடந்தது. அறை நடுவில் அருந்ததி பெட்டிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, அதைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முடிச்சு விட்டதும் மூடியைத் திறந்தாள். மேலே கிடந்த, குகதாசன் அனுப்பிய குளிர்ச் சட்டையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். அடியில் கையை விட்டுத் துழாவி, வீட்டில் உடுத்துகிற பழைய சட்டையை உருவி எடுத்து, ஒரு உதறு உதறிக் கொடியில் போட்டாள்.